வாடகைக்கு விட வீடு வாங்கப் போகிறீர்களா?

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு டம்ளர் காபி போட்டு வைத்துக்கொண்டு படியுங்கள். பாதியில் விட்டுவிட்டு "சூப்பர் டீச்சர்" என்று போடுகிறவர்களை எனக்குத் தெரியும்.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு புதன்கிழமை ராத்திரி மஸ்கட்டிலிருந்து போன் வந்தது. 2004ல் என்னிடம் பிளஸ் டூ வணிகவியல் படித்தவள். அங்கே ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறாள். பெயர் சொல்லமாட்டேன். பெயரில்லாமல் எழுதிக்கொள்ள அனுமதி வாங்கிவிட்டேன்.

"டீச்சர், நம்ம ஊர்லயே ஒரு வீடு பார்த்திருக்கோம். சின்னக் காஞ்சிபுரம். ரெண்டு போர்ஷன். 38 லட்சம் சொல்றாங்க. ரெண்டுலயும் ஆள் இருக்கு. மாசம் 17,500 வாடகை வருதாம். வர்ற ஞாயித்துக்கிழமை அண்ணன் போய் டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கறதா இருக்கு. நீங்க ஒரு வார்த்தை நல்லா இருக்கும்னு சொல்லிடுங்க."

"மண்ணு யாருதும்மா?" என்று கேட்டேன்.

"புரியலை டீச்சர். அந்த ஓனருதுதான்."

"வீடு அவருது. மண்ணு?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

இந்தக் கேள்வி எனக்குப் படித்து வந்ததல்ல. பட்டு வந்தது. முப்பத்தோரு வருடம் பிள்ளைகளுக்குப் பற்று, வரவு, தேய்மானம் எல்லாம் கரும்பலகையில் எழுதிக் காட்டியவள், தன் ஓய்வுக்காலப் பணத்தை எங்கே கொண்டு போய்ப் போட்டாள் என்பதை இதுவரை வெளியில் சொன்னதில்லை. வீட்டில் உள்ளவர்களுக்கே பாதிதான் தெரியும். இப்போது சொல்கிறேன்.

2010 மே மாதம் ஓய்வு பெற்றேன். பணிக்கொடையும் கம்யூட்டேஷன் பணமுமாகக் கையில் ஒரு தொகை வந்தது. வங்கியில் போட்டால் கரைந்துவிடும், வீடு வாங்கிப் போட்டால் வாடகையும் வரும், விலையும் ஏறும் என்று எல்லோரும் சொன்னார்கள். ஒரு புரோக்கர் ஒரு கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் வீடு காட்டினார். (எந்தக் கோயில் என்று யாரும் கேட்க வேண்டாம்.) முன்பக்கம் ஒரு போர்ஷன், பின்பக்கம் இரண்டு குழித்தறியோடு ஒரு போர்ஷன், நல்ல கிணறு. 9 லட்சத்து 60 ஆயிரம். அதே அளவு வீடு இரண்டு தெரு தள்ளி 15 லட்சம் போய்க்கொண்டிருந்தது. ஏன் இது மட்டும் மலிவு என்று ஒரு நிமிடம் யோசித்திருக்க வேண்டாமா? நான் என்னைக் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.

பத்திரத்தில் தொகை எழுதிய பக்கத்தை இரண்டு முறை படித்தேன். கடைசிப் பக்கத்துச் சொத்து விவரத்தைப் படிக்கவில்லை. அங்கே செக்குபந்திக்குக் கீழே ஒரே ஒரு வரி இருந்தது. அடிமனை தேவஸ்தானத்துக்குப் பாத்தியப்பட்டது, விற்கப்படுவது மேற்கட்டடம் மட்டும் என்று. பதிவு முடிந்து ஒரு மாதம் கழித்து என் கணவர்தான் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அதைப் படித்துக் காட்டினார். புரோக்கருக்குப் போன் போட்டேன். "அந்தத் தெருவே அப்படித்தான் மேடம். எல்லாரும் இருக்காங்க இல்ல?" என்றார்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. நம் ஊரில் பல தெருக்கள் அப்படித்தான். வெளியூர்க்காரர்களுக்கும், இங்கேயே பிறந்தும் வீடு வாங்கிப் பழக்கமில்லாதவர்களுக்கும் இது தெரியாது. எப்போதோ யாரோ விளக்கெரிக்கவும் திருவிழா நடத்தவும் கோயிலுக்கு எழுதி வைத்த மண். அதன் மேல் மக்கள் குடியேறி, கோயிலுக்கு மனை வாடகை கட்டிக்கொண்டு, தங்கள் செலவில் வீடு கட்டிக்கொண்டார்கள். கட்டடம் கட்டியவருடையது, மண் சாமியுடையது. வரதராஜப் பெருமாள் கோயில் சுவர்களில் நூற்றுக்கணக்கில் கல்வெட்டுகள் இருக்கின்றன. சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் நிலம் கொடுத்த செய்தி வந்தால் கீழ்பாற்கெல்லை, தென்பாற்கெல்லை என்று நாலு பக்கமும் சொல்லி வெட்டியிருப்பார்கள். இன்றைக்குப் பத்திரத்தில் எழுதுகிற செக்குபந்தியும் அதேதான். கல்லில் வெட்டியவர்கள் கவனமாகத்தான் இருந்திருக்கிறார்கள். வாங்குகிற நாம்தான் படிப்பதில்லை.

சட்டம் இதில் மிகவும் தெளிவு. 1959ஆம் வருடத்து இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 34ஆம் பிரிவுப்படி கோயில் சொத்தை விற்கவோ, அடமானம் வைக்கவோ, ஐந்து வருடத்துக்கு மேல் குத்தகைக்கு விடவோ ஆணையரின் அனுமதி வேண்டும். இல்லாவிட்டால் அது செல்லாது. "நாங்க அறுபது வருஷமா இங்கதான் இருக்கோம்" என்ற பேச்சும் எடுபடாது. தனியார் நிலத்தில் நீண்ட நாள் அனுபவ பாத்தியம் என்று வழக்காடலாம். கோயில் நிலத்தில் முடியாது. கோயில் தன் நிலத்தை மீட்க வழக்குப் போடுவதற்குக் காலக்கெடுவே இல்லை என்று 109ஆம் பிரிவு சொல்கிறது. சாமி சட்டத்தின் கண்ணில் மைனர் மாதிரி என்று வக்கீல்கள் சொல்வார்கள். மைனர் சொத்து என்று தெரிந்தால் நாம் வாங்குவோமா? பெருமாள் மைனர் என்பது மட்டும் நமக்கு ஞாபகம் வருவதில்லை.

சரி, நான் பட்டது என்ன? மனை வாடகை ரசீது எனக்கு விற்றவர் பெயரில்கூட இல்லை. அவருக்கும் விற்றவரின் அப்பா பெயரில் இருந்தது. அவர் இறந்து பல வருடம். கோயில் அலுவலகத்தைப் பொறுத்தவரை நான் யாரோ. பெயர் மாற்றுவதற்கு அலைந்த அலைச்சலில் இரண்டு செருப்பு தேய்ந்தது. பிறகு நியாய வாடகை நிர்ணயம் வந்தது. 34-ஏ பிரிவு என்று ஒன்று உண்டு. சந்தை மதிப்பை வைத்து மனை வாடகையை நிர்ணயிப்பார்கள், மூன்று வருடத்துக்கு ஒரு முறை திருத்துவார்கள். மாதம் 45 ரூபாய் இருந்தது 2,140 ரூபாய் ஆனது. பின்தேதியிட்டு நிலுவையும் சேர்ந்தது. மேல்முறையீடு செய்யலாம் என்று சட்டத்தில் இருக்கிறது, அதற்குக் கெடுவும் இருக்கிறது. என்னிடம் நோட்டீஸ் வந்தபோது அது பழைய ஆள் பெயருக்கு வந்ததால் தபால்காரர் வைத்துக்கொண்டு சுற்றி, கெடு போய்விட்டது.

கோபமாகத்தான் இருந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால், ஆயிரத்து சொச்சம் சதுர அடி மண்ணை மாதம் 45 ரூபாய்க்கு யார் கொடுப்பார்கள்? நான் என் குடித்தனக்காரரிடம் வாங்குகிற வாடகையை ஏற்றிக்கொண்டே போவேன், சாமி மட்டும் 45 ரூபாயில் நிற்க வேண்டுமா?

பெரிய அடி அதுவும் இல்லை. ரசீதின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் நிபந்தனைகள் இருந்தன. உள்வாடகைக்கு விடக் கூடாது என்பது அதில் ஒன்று. நான் அந்த வீட்டை வாங்கியதே வாடகைக்கு விடத்தான்!

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. வகுப்பில் தேய்மானம் நடத்தும்போது என்ன சொல்வேன்? கட்டடத்துக்குத் தேய்மானம் உண்டு, நிலத்துக்கு இல்லை. வீட்டு விலை ஏறுகிறது என்று நாம் சொல்வதெல்லாம் மண்ணின் விலை ஏறுவதைத்தான். செங்கல்லும் சுண்ணாம்பும் வருடா வருடம் கிழமாகிக்கொண்டுதான் போகிறது. அடிமனை வீட்டை வாங்குகிறவள் ஏறுகிற பாகத்தை விட்டுவிட்டு, இறங்குகிற பாகத்தை மட்டும் விலை கொடுத்து வாங்குகிறாள். பட்டா கிடைக்காது. பட்டா இல்லாததால் வங்கிக் கடன் கிடைக்காது. அதனாலேயே திரும்ப விற்கவும் ஆள் கிடைக்காது. அந்த வீடு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

இவ்வளவையும் போனில் சொல்லி முடித்தேன். "டீச்சர், நாங்க பார்த்த பத்திரத்துல அப்படி எதுவும் இல்லையே. மனையும் வீடும்னுதான் போட்டிருக்கு" என்றாள். ஈ.சி.யும் சுத்தமாக இருக்கிறதாம். எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். தாய்ப் பத்திரம் வரை வேண்டும், நகல் இல்லையென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டு எடுக்க வேண்டும், அதுவரை அண்ணன் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கக் கூடாது என்றேன்.

ஈ.சி. என்கிற வில்லங்கச் சான்றைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது சுத்தமாக இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். பதிவுத்துறை இணையதளத்தில் 1975 முதல் பார்த்துக்கொள்ளலாம். அதற்கு முந்தையது வேண்டுமானால் அலுவலகத்தில் தேடச் சொல்ல வேண்டும். பதிவான பத்திரங்கள் மட்டும்தான் அதில் வரும். பதிவு செய்யாத உயில், வாய்மொழிப் பாகம், வெள்ளைத்தாளில் எழுதிய கடன், கோர்ட்டில் ஓடுகிற வழக்கு, உள்ளே குடியிருக்கிறவர் எதுவுமே அதில் தெரியாமல் போகலாம். முக்கியமாக, மண் யாருடையது என்று ஈ.சி. சொல்லாது. யார் யாருக்கு எழுதிக் கொடுத்தார்கள் என்று மட்டும்தான் சொல்லும். எனக்கு உரிமை இல்லாததை நான் உங்களுக்கு எழுதிக் கொடுத்தாலும் அது அழகாக ஈ.சி.யில் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

மண்ணைப் பற்றிக் கேட்க வேண்டியது வருவாய்த் துறையை. கிராமத்தில் பட்டா, சிட்டா, அ-பதிவேடு. நகரத்தில் நகர நில அளவைப் பதிவேடு. இவற்றை இப்போது அரசின் இணைய சேவையில் சர்வே எண் போட்டாலே பார்க்கலாம். கோயில் நில விவரங்களை அறநிலையத் துறை 2021ல் தன் இணையதளத்தில் போட ஆரம்பித்தது, அதையும் ஒரு முறை பாருங்கள். இணையத்தில் இல்லை என்றாலும், கோயில் அலுவலகத்தில் போய் சர்வே எண்ணைச் சொல்லிக் கேட்பதில் ஒன்றும் குறைந்துவிட மாட்டோம். துறையின் அனுமதி இல்லாமல் கோயில் நிலத்தை எழுதும் பத்திரத்தைப் பதிவு செய்ய மறுக்கும் அதிகாரம் இப்போது சார்பதிவாளருக்கு இருக்கிறது. ஆனால் அந்த மறுப்பு பெரும்பாலும் அட்வான்ஸ் கைமாறிய பிறகுதான் தெரியவரும்.

நகல்கள் வர எட்டு நாள் ஆனது. புரோக்கர் தினமும் அவள் அண்ணனுக்குப் போன். "வேற பார்ட்டி ரெடியா இருக்காங்க. பரந்தூர்ல ஏர்போர்ட் வரப்போகுது, இந்த விலைக்கு இனிமே கிடைக்குமா?" என்று. நான் பார்த்தவரை நம் ஊரில் புரோக்கர்களுக்கு எப்போதும் ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கும். 2019ல் அத்திவரதர் வந்தார். ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை ஊரே திணறியது. திண்ணையைக்கூட நாள் வாடகைக்கு விட்டார்கள். அதைப் பார்த்துவிட்டு என் ஒன்றுவிட்ட தம்பி அந்த வருடம் தீபாவளிக்குள் கோயில் பக்கம் ஒரு வீட்டைச் சொன்ன விலைக்கு வாங்கினான். 1939, 1979, 2019. அடுத்தது 2059. அப்போது அவனுக்கு வயது 97. அதற்கு நடுவில் 2020 மார்ச்சில் கொரோனா வந்தது, ஏழு மாதம் வீடு பூட்டிக் கிடந்தது. (தம்பி, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். கோபித்துக்கொள்ளாதே.)

நகல்கள் வந்ததும் பின்னாலிருந்து முன்னால் படித்தேன். கடைசிப் பத்திரத்தில் "மனையும் வீடும்". அதற்கு முந்தையதிலும் "மனையும் வீடும்". அதற்கும் முந்தைய, 1961ஆம் வருடத்துப் பத்திரத்தில், பழைய கையெழுத்தில், "அடிமனை நீங்கலாக" என்று இருந்தது. நடுவில் 1987ல் யாரோ ஒருவர் எழுதும்போது அந்த இரண்டு வார்த்தை காணாமல் போயிருக்கிறது. வேண்டுமென்றே விட்டார்களா, எழுதியவர் கை தவறியதா, நமக்குத் தெரியாது. அதற்குப் பிறகு அதைப் பார்த்து எழுதியவர்கள் எல்லோரும் அப்படியே எழுதிவிட்டார்கள். நகர நில அளவைப் பதிவேட்டில் சாமி பெயர் பத்திரமாக இருக்கிறது.

என் பத்திரத்தில் அந்த வரி கண் முன்னால் இருந்தது, நான் படிக்கவில்லை. அவள் பத்திரத்தில் அது 26 வருடம் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தது.

அண்ணனிடம் சொல்லி வேண்டாம் என்று விட்டாள். ஆனால் போனில் அழுதாள். பதினோரு வருடச் சேமிப்பு, வாடகை வந்தால் அம்மாவுக்கு மாதச் செலவுக்கு ஆகும் என்று கணக்குப் போட்டிருந்தாளாம். "வேற வீடு பார்க்கறேன் டீச்சர், ஆனா கணக்கு சரியா இருக்கான்னு நீங்களே சொல்லுங்க" என்றாள். அந்தக் கணக்கை உங்களுக்காகவும் இங்கே போடுகிறேன். மண் சொந்தம் என்றே வைத்துக்கொள்வோம்.

38 லட்சம் வீட்டுக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 3 லட்சத்து 42 ஆயிரம். ஆக மொத்தம் 41 லட்சத்து 42 ஆயிரம் உங்கள் கையை விட்டுப் போகிறது. (வழிகாட்டி மதிப்பு அதிகமாக இருந்தால் அதற்குத்தான் கட்டணம். பெண்கள் பெயரில் 10 லட்சத்துக்குள் வாங்கினால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு.) வாடகை வருடத்துக்கு 2,10,000. வருடத்தில் ஒரு மாதமாவது காலி கிடக்கும், 17,500 போயிற்று. சொத்துவரி, தண்ணீர் வரி 8,000 என்று வைப்போம். வெள்ளையடிப்பு, மோட்டார், ஒழுகல், அடைப்பு 25,000. மிஞ்சுவது 1,59,500. போட்ட முதலுக்கு நாலு சதவீதம்கூட வரவில்லை. நான் மிச்சப் பணத்தைத் தபால் ஆபீசில் மூத்த குடிமக்கள் திட்டத்தில் போட்டிருக்கிறேன், 8.2 சதவீதம் வருகிறது. யாரும் ராத்திரி பத்து மணிக்குப் போன் செய்து குழாய் உடைந்துவிட்டது என்று சொல்வதில்லை.

அப்படியானால் வாங்கவே கூடாதா? அப்படிச் சொல்லவில்லை. மண் ஏறும், வாடகையும் ஏறும், பிள்ளைகளுக்கு ஒரு சொத்து இருக்கும். ஆனால் அந்தக் காரணங்களெல்லாம் மண் உங்களுடையதாக இருந்தால்தான் பொருந்தும். கடன் வாங்கி வாடகை வீடு வாங்குகிறவர்கள் வட்டியையும் வாடகையையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதிப் பார்த்துவிட்டு என்னிடம் வாருங்கள். பேச வேண்டிய அவசியம் இருக்காது.

வருமான வரியில் ஒரு சலுகை உண்டு. வாடகையில் கட்டிய சொத்துவரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதத்தை எந்த பில்லும் காட்டாமல் கழித்துக்கொள்ளலாம். நிஜமாகச் செலவு செய்தது அதைவிட அதிகம் என்றாலும் அவ்வளவுதான். மஸ்கட், சிங்கப்பூர் என்று இருப்பவர்களுக்குத் தனியாக இரண்டு விஷயம். வீடு வாங்கலாம், விவசாய நிலம் வாங்கக் கூடாது. நம் பக்கத்தில் மனை என்று காட்டுவது பட்டாவில் இன்னும் நஞ்சையாக இருக்கும், ஜாக்கிரதை. இன்னொன்று, வெளிநாட்டில் வசிக்கும் வீட்டுக்காரருக்கு வாடகை கொடுப்பவர், தொகை சிறியதானாலும், வரி பிடித்துக் கட்ட வேண்டும். இது குடித்தனக்காரருக்கும் தெரியாது, வீட்டுக்காரருக்கும் தெரியாது. ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள். அண்ணனுக்கோ மாமாவுக்கோ பவர் கொடுப்பதானால் அந்த ஊர் இந்தியத் தூதரகத்தில் கையெழுத்துப் போட்டு, இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிக்கொள்ள வேண்டும்.

இனி குடித்தனக்காரர் விஷயம். என்னைக் கேட்டால் மண்ணுக்கு அடுத்தபடியாக யோசிக்க வேண்டியது இதுதான்.

என் வீட்டின் பின்போர்ஷனில் ஒரு நெசவாளர் குடும்பம். நான் வாங்குவதற்கு முன்பிருந்தே இருக்கிறார்கள். ஆளோடு வீட்டை வாங்கினால் அவரோடு இருக்கிற பேச்சும் நம்மோடு வந்துவிடும், அதனால் வாங்கும் முன்பே உள்ளே இருப்பவரிடம் நேரில் பேசுங்கள். விற்கிறவர் 9,000 வாடகை என்பார். கொடுக்கிறவர் 6,000 என்பார். அட்வான்ஸ் யார் கையில் இருக்கிறது என்பதும் அப்போதுதான் தெரியும்.

2015 மழை எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். தறிக்குழியில் முழங்கால் தண்ணீர் நின்றது. குழியில் ஈரம் இருந்தால் தறி ஓட்ட முடியாது. இரண்டு மாதம் வாடகை வரவில்லை. மூன்றாவது மாதம் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசிவிட்டேன். காலி செய்யச் சொன்னேன். எழுத்தில் எதுவும் கிடையாது, எல்லாம் வாய்ப்பேச்சு. அவர் எதிர்த்துப் பேசவில்லை. "தறியில பாவு இருக்கும்மா. ரெண்டு புடவை இன்னும் இறங்கணும். இறங்கினதும் போயிடறேன்" என்றார். ஒரு பாவில் மூன்று புடவை நெய்வார்கள். நடுவில் தறியைப் பிரித்தால் பட்டும் போச்சு, ஜரிகையும் போச்சு, முதலாளிக்குப் பதிலும் சொல்ல முடியாது. கட்டிலைத் தூக்கிக்கொண்டு போவதுபோல் தறியைத் தூக்கிக்கொண்டு போக முடியாது என்பது இந்த ஊரில் பிறந்த எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. கூரையையும் குழியையும் சரிசெய்து கொடுக்க வேண்டியவள் நான். அதைச் செய்யாமல் வாடகை கேட்டுக்கொண்டிருந்தேன். அவர்களைப் போகச் சொல்லவில்லை. குழியைச் சுற்றிச் சிமெண்ட் போட்டுக் கொடுத்தேன். இன்னும் இருக்கிறார்கள்.

இப்போது சட்டம் வேறு. 1960ஆம் வருடத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017ல் இயற்றிய புதுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில்தான் இருக்க வேண்டும். அதை 90 நாளுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்து எண் வாங்க வேண்டும், இணையத்திலேயே செய்யலாம். 11 மாதத்துக்கு எழுதி 20 ரூபாய் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுப் பீரோவில் வைப்பது போதாது. அந்த 11 மாதம் என்ற வழக்கம், ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளரிடம் பதிவு செய்ய வேண்டும் என்ற வேறொரு சட்டத்துக்குப் பயந்து வந்தது. புதுச் சட்டத்தில் எத்தனை மாதமானாலும் பதிய வேண்டும். அட்வான்ஸ், ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொண்டால் ஒழிய, மூன்று மாத வாடகைதான். பத்து மாதம் என்று கேட்டு வாங்கிச் செலவழித்துவிட்டு, காலி செய்யும்போது அடுத்த ஆள் வந்ததும் தருகிறேன் என்பதெல்லாம் இனி செல்லாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும். வாடகைக்கு ரசீது கொடுக்க வேண்டும். இரண்டு மாத வாடகை தராவிட்டால் வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம். ஆனால் கரண்ட்டையும் தண்ணீரையும் நிறுத்துவது குற்றம். நம் சாவி, நம் வீடு என்று நினைத்த நேரத்தில் உள்ளே போகவும் கூடாது, ஒரு நாள் முன்பே தெரிவிக்க வேண்டும்.

வீட்டை எதற்குப் பயன்படுத்தலாம் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள். குடியிருக்க மட்டும் என்று எழுதிவிட்டுத் தறி ஓட்ட விட்டால் பின்னால் இருவருக்கும் வம்பு. என் ஒப்பந்தத்தில் "குடியிருக்கவும் இரண்டு தறி ஓட்டவும்" என்று இருக்கிறது. காலி செய்யும் நாள் வந்தாலும் தறியில் ஓடுகிற பாவு முடியும் வரை அவகாசம் என்று ஒரு வரியும் சேர்த்திருக்கிறேன். எழுதிக் கொடுத்த வக்கீல் சிரித்தார். வெளியூர்க்காரர், அவருக்குத் தெரியாது.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். அந்தச் சின்னக் காஞ்சிபுரம் வீட்டை வேண்டாம் என்று முடிவு செய்வதற்கு முன்பே நான் ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தேன். தெருவில் பாவு விரித்திருந்தார்கள், ஆட்டோவை முனையிலேயே நிறுத்திவிட்டு நடந்தேன். பின்போர்ஷனில் ஒரு வயதான அம்மா, மகன், மருமகள், ஒரு தறி. 22 வருடமாக இருக்கிறார்களாம். வீடு விலைக்கு வந்திருக்கிறது என்பதே என்னைப் பார்த்துத்தான் அவர்களுக்குத் தெரிந்தது. வாடகை 4,000 என்றார்கள். புரோக்கர் சொன்னது 8,000.

"வாங்கறவங்க தறியை எடுக்கச் சொல்வாங்களாம்மா? முந்தாநாள்தான் புதுப் பாவு ஏத்தினோம்" என்று கேட்டார் அந்த அம்மா.

"எனக்குத் தெரிஞ்ச பொண்ணு வாங்கறதா இருந்தது. இப்போ வாங்கற மாதிரி தெரியலை" என்றேன்.

"அப்போ வேற யாராவது வருவாங்க" என்று சொல்லிவிட்டு, உள்ளே போய் எனக்கு மோர் கொண்டுவந்தார்.

மஸ்கட்காரி அடுத்த வீடு பார்த்துவிட்டாள். பிள்ளையார்பாளையம். பட்டா பாட்டன் பெயரில் சுத்தமாக இருக்கிறது, மண் சொந்தம்தான். விற்பவர் இரண்டு அண்ணன் தம்பிகள். வாரிசுச் சான்றைப் பார்த்தால் மூன்று அக்கா தங்கைகளும் இருக்கிறார்கள். பெண்களுக்குக் கல்யாணம் செய்து கொடுத்தாகிவிட்டது, அவர்களுக்கு ஏது பங்கு என்கிறார்கள் அண்ணன் தம்பிகள். தமிழ்நாட்டில் 1989லும் நாடு முழுக்க 2005லும் சட்டம் மாறியதை அவர்களுக்கு நான்தான் போனில் நடத்திக்கொண்டிருக்கிறேன். இரண்டு பேர் கையெழுத்துப் போடச் சம்மதித்துவிட்டார்கள். மூன்றாவது தங்கை ஆரணியில் இருக்கிறாளாம். வருகிற வெள்ளிக்கிழமை நானும் அவள் அண்ணனும் பஸ் பிடித்துப் போகிறோம்.